கேமிங் மவுஸ்: பெட்டியில் இருக்கும் எண்ணும் மேசையில் இருக்கும் இடமும்

கேமிங் மவுஸ் விமர்சனங்களில் ஒரு விசித்திரம் உண்டு. எந்த வீடியோவை எடுத்தாலும், எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், ஆரம்பத்திலேயே ஒரு எண் வந்துவிடும். 8000 டிபிஐ, 12000 டிபிஐ, 26000 டிபிஐ. அப்புறம் விளக்கு எத்தனை நிறத்தில் எரியும் என்று காட்டுவார்கள். கடைசியில் வாங்குவதற்கான லிங்க். அந்த மவுஸை எந்தக் கணினியில், எந்த மேசையில், எந்த ஊரில் வைத்து ஓட்டப் போகிறோம் என்ற பேச்சு மட்டும் வராது.

இந்தக் குறிப்பு அந்த விமர்சனங்களைப் பற்றிய விமர்சனம். கூடவே, லேப்டாப் வைத்திருக்கும் ஒருவர் மவுஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

எழுதக் காரணம், எங்கள் பக்கத்து எஸ்டேட் லைனில் இருக்கும் ஒரு தம்பி. கல்லூரியில் இரண்டாம் வருடம். யாரோ பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். படிப்பும் அதில்தான், வேலரன்ட் ஆட்டமும் அதில்தான். "அண்ணா, 1500 ரூவா சேத்து வெச்சிருக்கேன், இதுல எதுண்ணா பெஸ்ட்டு?" என்று ஐந்து லிங்க் அனுப்பினான். எந்த டிபிஐ பெரிதோ அதன் பக்கம்தான் அவன் மனசு இருந்தது. அவங்க அம்மா கொழுந்து பறிக்கிற வேலை. 1500 ரூபாய் என்றால் மூன்று நாள் கூலி போய்விடும். கோவையில் இருப்பவருக்கு மவுஸ் சரியில்லை என்றால் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

டிபிஐ: எவ்வளவு இருந்தால் போதும்?

மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கையைக் கணினிக்கு அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. 800 டிபிஐ என்றால் ஒரு அங்குலத்துக்கு 800 எண்ணிக்கை. விண்டோஸில் சுட்டியின் வேகத்தை நடுவில் வைத்து, முடுக்கத்தையும் நிறுத்திவிட்டால், ஒரு எண்ணிக்கைக்குத் திரையில் ஒரு புள்ளி நகரும். இவ்வளவுதான் சூத்திரம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண லேப்டாப் திரையின் அகலம் 1920 புள்ளிகள். 800 டிபிஐயில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போக மவுஸை 2.4 அங்குலம், அதாவது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 1600-ல் 3 சென்டிமீட்டர். 8000-ல் 6 மில்லிமீட்டர். 26000-ல் 2 மில்லிமீட்டர் கூட இல்லை. இரண்டு மில்லிமீட்டருக்குள் கையை வைத்துக்கொண்டு முழுத்திரையையும் ஆள முடிகிற மனிதர் யாராவது இருந்தால் அவர் கடிகாரம் பழுதுபார்க்கப் போகலாம்.

ஆக, 26000 என்பது அந்தச் சென்சாரால் முடிகிற உச்சம். நாம் ஓட்டப்போகிற அளவு அது கிடையாது. கவுன்டர்-ஸ்டிரைக், வேலரன்ட் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 400, 800, 1600 என்ற அளவுகளில்தான் வைத்துக்கொள்கிறார்கள். 400-ஐ விட 800 அல்லது 1600-ல் வைத்து, ஆட்டத்துக்குள் இருக்கும் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொண்டால், சின்ன அசைவு கொஞ்சம் முன்னதாகவே பதிவாகும். அதுவரை நியாயம் உண்டு. அதற்கு மேலே உள்ள பூஜ்ஜியங்கள் பெட்டிக்கு அழகு.

எண் வளர்ந்தது, உருவம் நின்றது

கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964-ல் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9-ல் அதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். சக்கரம் போய்ப் பந்து வந்தது. 1999-ல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர், பந்தையும் தூக்கிவிட்டு, மேசைப் பரப்பை நொடிக்கு 1500 முறை படம் பிடிக்கும் ஒளிச் சென்சாரோடு வந்தது. அதே 1999-ல்தான் ரேசரின் பூம்ஸ்லாங் வந்தது. விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட ஆரம்பகால மவுஸ்களில் ஒன்று. 2000 டிபிஐ என்பது அன்றைக்கே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அதாவது, எண்ணை வைத்து விற்கும் பழக்கம் கேமிங் மவுஸோடு சேர்ந்தே பிறந்தது.

ஆனால் அடுத்த சில வருடங்களில் கவுன்டர்-ஸ்டிரைக் ஆட்டக்காரர்கள் தேடித்தேடி வாங்கியது மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் 3.0. அதன் டிபிஐ வெறும் 400. கையில் உட்கார்ந்த விதம்தான் அதற்கு ரசிகர்களைச் சேர்த்தது.

இன்னொரு உதாரணம் இதைவிடத் தெளிவு. ரேசர் டெத்ஆடர் 2006-ல் வந்தபோது 1800 டிபிஐ. 2020-ல் வந்த டெத்ஆடர் வி2 20000 டிபிஐ. பதினான்கு வருடத்தில் எண் பதினோரு மடங்கு ஏறியிருக்கிறது. இந்தப் பதினான்கு வருடமும் அந்த மவுஸின் உருவத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வலது உள்ளங்கை அப்படியே படியும் அந்த மேட்டை அவர்கள் தொடவில்லை. தொட்டால் வாங்குகிறவர்கள் போய்விடுவார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். எது மாறக்கூடாது என்று தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது. அதை விமர்சகர்தான் கடைசி நிமிடத்தில் "பிடிக்க நல்லா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

உருவத்தைப் பற்றி விரிவாகப் பேசுவது கஷ்டம் இல்லை. ஒரு ஸ்கேல் போதும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். டெத்ஆடர் எசென்ஷியல் 127 மில்லிமீட்டர் நீளம். லாஜிடெக் ஜி102 116.6 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். செருப்பில் ஒரு சென்டிமீட்டர் என்றால் சும்மா விடுவோமா? உள்ளங்கையை முழுதாகப் படியவைத்துப் பிடிப்பவருக்குப் பெரிய மவுஸ் வேண்டும். விரல்களை மடக்கிப் பிடிப்பவருக்கும், விரல் நுனியால் மட்டும் ஓட்டுபவருக்கும் சின்னதும் லேசானதும் வசதி. இடதுகைக்காரர்கள் நிலை இன்னும் மோசம். இரண்டு பக்கமும் ஒரே உருவம் என்று சொல்லப்படும் மவுஸ்களிலேயே பலவற்றில் பக்கவாட்டுப் பட்டன்கள் வலதுகைக்காரரின் கட்டைவிரலுக்குத்தான் இருக்கின்றன. இதைச் சொல்லும் விமர்சனம் எத்தனை?

பெரிய எழுத்தில் அச்சடிக்காத எண்கள்

எல்லா எண்ணும் வெறும் வியாபாரம் என்று சொல்லிவிட்டால் அது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. "முன்னூறு ரூபாய் மவுஸே போதும், எல்லாம் ஒண்ணுதான்" என்கிற பெரியவர்களும் நம்மிடம் உண்டு. ஒன்று இல்லை. இரண்டு எண்களில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

முதலாவது ஐபிஎஸ். நொடிக்கு எத்தனை அங்குல வேகம் வரை சென்சார் வழி தவறாமல் பின்தொடரும் என்பது. சாதாரண அலுவலக மவுஸ்களில் 30 ஐபிஎஸ் அளவுள்ள சென்சார்கள் சகஜம். அதாவது நொடிக்கு முக்கால் மீட்டர். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பும்போது நம் கை 15 சென்டிமீட்டரைப் பத்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். சராசரியே நொடிக்கு ஒன்றரை மீட்டர். 30 ஐபிஎஸ் சென்சார் அந்த இடத்தில் தடுமாறும். திரையில் பார்வை வானத்தையோ தரையையோ பார்த்து நிற்கும். பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஎம்டபிள்யூ3360 சென்சார் 2016 வாக்கில் வந்தது. அதன் அளவு 250 ஐபிஎஸ், நொடிக்கு 6 மீட்டருக்கு மேல். மனிதக் கைக்கு அது தாராளம். என்னைக் கேட்டால், சென்சார் என்ற பிரச்சினை அப்போதே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த தாவல்கள் எல்லாம் தீர்ந்த பிரச்சினைக்கு மறுபடி மறுபடி தீர்வு.

இரண்டாவது போலிங் ரேட். மவுஸ் தன் நிலையைக் கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை சொல்கிறது என்பது. அலுவலக மவுஸ் 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. கேமிங் மவுஸ் 1000 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. இந்தத் தாவல் உருப்படியானது. ஆனால் இப்போது 8000 ஹெர்ட்ஸ் என்று விற்கிறார்கள். மிச்சமாவது ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. அதற்குப் பதிலாகப் பழைய லேப்டாப்பின் பிராசசருக்குக் கூடுதல் சுமை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மாற்றவே 16.7 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல் இணையம். வேலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது. எங்கள் ஊரில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதைத் தொட்டுத் திரும்ப 50 மில்லிசெகண்ட் என்றால் அது நல்ல நாள். மழை பிடித்துக்கொண்டால் அதையும் கேட்காதீர்கள். இவ்வளவு பெரிய ஓட்டைகளுக்கு நடுவே ஒரு மில்லிசெகண்டின் பின்னத்துக்காகக் காசைக் கொட்டுவது, கூரை ஒழுகும்போது ஜன்னலுக்குத் திரைச்சீலை தேடுகிற வேலை.

லேப்டாப் என்றால் வேறு கணக்கு

விமர்சனங்கள் எல்லாம் மேசைக் கணினியை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அகலமான மேசை, தனி மானிட்டர், ஒரு முழம் நீளத்துக்கு மவுஸ் பேட். லேப்டாப்காரரின் மேசை அப்படியா இருக்கிறது?

15.6 அங்குல லேப்டாப்பின் அகலம் சுமார் 36 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள படிப்பு மேசையில் அதை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தால் மவுஸுக்கு மிஞ்சுவது 24 சென்டிமீட்டர். இப்போது தொழில்முறை வேலரன்ட் ஆட்டக்காரர்கள் பலர் வைத்திருப்பதை ஒட்டிய அளவை எடுத்துக்கொள்வோம்: 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 0.3. வேலரன்ட்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு எண்ணிக்கைக்கு 0.07 டிகிரி திரும்பும். கணக்குப் போட்டால், 0.3-ல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸை 54 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். பின்னால் திரும்ப அதில் பாதி, 27 சென்டிமீட்டர். நம்மிடம் இருப்பதோ 24. எதிரி பின்னால் வந்தால் மவுஸ் லேப்டாப்பில் போய் முட்டும், இல்லையென்றால் மேசையை விட்டுக் கீழே போகும்.

அதே 800 டிபிஐயில் சென்சிட்டிவிட்டியை 0.5 ஆக்கினால் முழுச் சுற்றுக்கு 33 சென்டிமீட்டர், பின்னால் திரும்ப 16 சென்டிமீட்டர். இது நம் மேசையில் அடங்கும். பெரிய ஆட்டக்காரரின் அளவை அப்படியே காப்பியடிக்கச் சொல்லும் விமர்சனங்கள், அவருடைய மேசையையும் சேர்த்து வாங்கித் தருவதில்லை. சென்சிட்டிவிட்டியை மேசைக்கு ஏற்ப வைத்துக்கொள்ள ஒரு பைசா செலவில்லை. நான் பார்த்த ஐந்து லிங்க்குகளில் ஒன்று கூட இதைச் சொல்லவில்லை.

லேப்டாப்புக்கே உரிய இன்னும் சில விஷயங்கள் உண்டு. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரை லேப்டாப்பில் செருகி, பக்கத்து யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க்கையும் செருகினால் மவுஸ் விட்டுவிட்டு நகரலாம். யூஎஸ்பி 3.0-லிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழுவதுதான் காரணம். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மேசைக் கணினியில் முன்பக்கம், பின்பக்கம் என்று போர்ட்டுகள் தள்ளித்தள்ளி இருக்கும். லேப்டாப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும். சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றில் ரிசீவரைச் செருகி மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. ப்ளூடூத் மவுஸ் என்றால் ஆட்டத்துக்கு வேண்டாம். பொதுவாக அது 125 ஹெர்ட்ஸ் அளவிலோ அதற்குக் கீழேயோதான் பேசும்.

மவுஸ் பட்டன் சரியில்லை, சுட்டி தானாக ஓடுகிறது என்று வரும் சில புகார்களில் குற்றவாளி மவுஸே கிடையாது. டச்பேட். கீபோர்டில் கை வைத்திருக்கும்போது உள்ளங்கை அதில் பட்டுவிடுகிறது. மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யவேண்டாம் என்று விண்டோஸ் செட்டிங்கில் ஒரு டிக் எடுத்துவிட்டால் போதும்.

கடைசியாக, மவுஸ் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மவுஸ்தான் பிரச்சினையா? வேலரன்ட் இன்டெல் எச்டி 4000 போன்ற பழைய கிராபிக்ஸிலும் ஓடும் என்றுதான் ரயட் நிறுவனம் சொல்கிறது. ஆனால் நொடிக்கு 30 படம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே ஒரு 4 ஜிபி ரேம் மட்டும் இருந்து, இன்னொரு இடம் காலியாக இருந்தால், அங்கே இன்னொரு 4 ஜிபி போட்டாலே ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும். கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால், இரண்டு ரேம் சேர்ந்து வேலை செய்யும்போது அதற்கு இரட்டைப் பாதை கிடைக்கிறது. படிப்புக்கும் அது உதவும். 1500 ரூபாய் எங்கே போக வேண்டும் என்பதில் மவுஸ் விமர்சகர் மவுஸைத்தான் கை காட்டுவார். அது அவர் தொழில்.

எங்கள் ஊர் ஈரம்

இனி வால்பாறைக்கு வருவோம். சுமார் 3500 அடி உயரம். ஆழியாறிலிருந்து மேலே வர 40 கொண்டை ஊசி வளைவு. பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் பிறந்தால் உப்பு டப்பாவில் தண்ணீர் நிற்கும், தீப்பெட்டி உரசாது, பெல்ட்டில் பூசணம் பூக்கும். இந்த ஊரில் ஒரு மவுஸ் எப்படி வாழும் என்று ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவர் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

மவுஸில் முதலில் கெடுவது சென்சார் அல்ல, ஸ்விட்ச். இடது பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி மைக்ரோ ஸ்விட்ச் இருக்கும். உள்ளே செம்புக் கலவையில் செய்த மெல்லிய தகடு. அழுத்தினால் டக்கென்று மடங்கி இன்னொரு முனையைத் தொடும். பெட்டியில் "1 கோடி கிளிக்", "2 கோடி கிளிக்" என்று போட்டிருப்பது இந்தத் தகட்டின் ஆயுள். ஆனால் அது சோதனைக்கூடத்துச் சூழலில் எடுத்த கணக்கு. நிஜத்தில் தகடு தன் விறைப்பை இழக்கும், அல்லது தொடும் முனையில் களிம்பு படியும். விளக்கு ஸ்விட்ச் மாதிரி நிறைய மின்சாரம் பாய்ந்தால் அந்தக் களிம்பு எரிந்து போய்விடும். மவுஸில் பாயும் மின்சாரம் மிகமிகக் குறைவு என்பதால் களிம்பு அப்படியே நிற்கும். ஈரக் காற்று அதை வேகப்படுத்தும்.

விளைவுதான் இணையம் முழுக்கக் கேட்கும் அந்தப் புகார்: டபுள் கிளிக். ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும். ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கீழே போட்டுவிடும். வாங்கிய புதிதில் இது தெரியாது. எட்டு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் ஆரம்பிக்கும். விமர்சனமோ பெட்டி பிரித்த வாரமே வெளியாகிவிடுகிறது. மவுஸ் விமர்சனம் என்ற வடிவத்தின் அடிப்படைக் கோளாறு என்று நான் நினைப்பது இதைத்தான். எது கெடுமோ அது கெடுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஆப்டிகல் ஸ்விட்ச். தகடும் தகடும் தொடுவதற்குப் பதிலாக, ஒளிக்கற்றை ஒன்று மறைக்கப்படுவதையோ திறக்கப்படுவதையோ வைத்துக் கிளிக் பதிவாகிறது. களிம்பு படிய அங்கே மின்முனை இல்லை. ரேசர் 2019-ல் வைப்பர் மவுஸில் இதைக் கொண்டுவந்த பிறகு பரவலாகப் பேசப்பட்டது. விளம்பரத்தில் இதை வேகத்துக்காக என்று விற்றார்கள். எங்களைப் போன்ற மழைக்காட்டு ஊருக்கு அதன் உண்மையான பயன் ஆயுள். இந்த ஒரு விஷயத்தில் கேமிங் மவுஸ் கம்பெனிகள் தங்களுக்கே தெரியாமல் வால்பாறைக்காரனுக்கு நல்லது செய்திருக்கிறார்கள்.

ஈரத்தின் அடுத்த பலி, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் பூச்சு. கடையில் தொடும்போது வெல்வெட் மாதிரி இருக்கும். அந்தப் பூச்சில் இருக்கும் பாலியூரித்தேன் ஈரத்தில் சிதையும். ஓரிரு வருடத்தில் பனைவெல்லப் பாகு மாதிரி பிசுபிசுக்கும். இங்கே சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் நீடிக்கும். துணியில் செய்த மவுஸ் பேட்டும் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கனத்துவிடும், மவுஸ் வழுக்காது. துடைத்தால் காய்கிற வழவழப்பான பேட் உத்தமம். ஆடி முடித்ததும் மவுஸை மூடி இறுக்கமான ஒரு டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா பொட்டலம், அதோடு சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து வாரண்டி. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டிருப்பார்கள். அதை வாங்க எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. இங்கிருந்து பொள்ளாச்சி 64 கிலோமீட்டர். கோவை 100 கிலோமீட்டருக்கு மேல். போய்வரவே ஒரு நாள் முழுக்கப் போகும். பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் கூலி. எனக்கே ஒரு முறை ஒரு சர்வீஸ் சென்டரில் "பெட்டி இருக்குங்களா, பில் இருக்குங்களா, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் வா என்பது காந்திபுரத்துக்காரருக்கு ஒரு வாக்கியம். வால்பாறைக்காரருக்கு அது 80 கொண்டை ஊசி வளைவு. அதனால் வீட்டுக்கே கூரியரில் மாற்றுப் பொருள் அனுப்பும் ஏற்பாடு உண்டா, நம் ஊர் முகவரிக்கு வந்து எடுத்துக்கொள்வார்களா என்பதை ஆர்டர் போடும் முன்பே பார்க்க வேண்டும். பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் நாட்களுக்குள், நிறைய முறை கிளிக் செய்தும் ஃபைல்களை இழுத்துப் போட்டும் சோதித்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

லாஜிடெக் ஜி102: வயர், 85 கிராம், 8000 டிபிஐ, 1000 ஹெர்ட்ஸ். சின்ன, நடுத்தரக் கைக்குப் பொருந்தும் எளிய உருவம். உடம்பு வெறும் பிளாஸ்டிக், அது நமக்கு நல்லது. ஸ்விட்ச் தகடு வகை, அது நமக்கு ஆகாதது. விலைக்கு நியாயமான மவுஸ். அதன் வண்ண விளக்கைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். விளக்கை அணைத்துவிட்டு ஆடுங்கள்.

ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல்: வயர், 96 கிராம், 6400 டிபிஐ. மேலே சொன்ன அந்தப் புகழ்பெற்ற மேடு இதிலும் உண்டு. பெரிய கைக்கு இதைவிட வசதி இந்த விலையில் கஷ்டம். பக்கவாட்டில் பிடிமானத்துக்கென்று தனிப் பட்டை இருக்கிறது. ஈர ஊரில் அதன் மேல் ஒரு கண் வேண்டும். ஸ்விட்ச் இதிலும் தகடு வகைதான். பட்டியலில் டிபிஐ குறைவு என்பதால் தம்பி முதலில் கழித்துக்கட்டியது இதைத்தான். கை பெரிதாக இருந்தால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

லாஜிடெக் ஜி304: வயர்லெஸ், பேட்டரியோடு 99 கிராம். ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் 250 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனி கணக்கு. மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில், சார்ஜ் போடத் தேவையில்லாமல் பெட்டிக்கடையில் வாங்கிய பேட்டரியில் ஓடுவது பெரிய சௌகரியம். நெருக்கடியான மேசையில் வயர் இல்லாததும் வசதி. ஆனால் விலை கூடுதல். எடையும் முழுக்கப் பின்பக்கமாக உட்காரும்.

ரேசர் வைப்பர் மினி: 61 கிராம், 8500 டிபிஐ, ஆப்டிகல் ஸ்விட்ச். 2020-ல் வந்தது. என் அளவுகோலில் எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுதான். பழைய மாடல் என்பதால் எங்கும் எளிதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய கைக்கு உள்ளங்கையில் நிறையாது. கிடைக்காவிட்டால் இதே வகை ஸ்விட்ச் உள்ள வேறொன்றைத் தேடலாம். பெயரை விட ஸ்விட்ச் வகை முக்கியம்.

நான் தம்பிக்குச் சொன்ன வரிசை இது: முதலில் லேப்டாப்பில் ரேம் இடம் காலியா என்று பார். மவுஸ்தான் வாங்குவது என்றால், கை அளவு, ஸ்விட்ச் வகை, மேல் பூச்சு, மாற்றிக்கொள்ளும் வசதி, அதற்குப் பிறகு சென்சார். டிபிஐயைப் பார்க்கவே வேண்டாம்.

விமர்சனம் எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. தன் கையின் நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்று முதல் வரியில் எழுதலாம். மேசையின் அகலத்தைச் சொல்லலாம். எந்தத் திரையில், எத்தனை ஹெர்ட்ஸில் சோதித்தேன் என்று போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வருடம் கழித்து அதே மவுஸை எடுத்து, இன்னும் ஒழுங்காகக் கிளிக் ஆகிறதா என்று பத்து வரி எழுதலாம். இந்த ஊரில் வங்கிக்கோ டிடிபி கடைக்கோ போனால் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் இன்னும் தட்டுப்பட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதன் பெட்டியில் என்ன எண் போட்டிருந்தது என்று அங்கே யாருக்கும் நினைவில்லை. பத்து வருடமாக உழைக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரு கருவியைப் பற்றிச் சொல்லவேண்டிய முதல் தகவல் அதுதான். ஒரு வருடம் பொறுத்திருந்து எழுதும் ஒரு மவுஸ் விமர்சனம் தமிழில் வரட்டும், லிங்க்கை நானே நாலு பேருக்கு அனுப்புகிறேன்.